குப்புறப் போட்டதும் பிரஷர் இறங்கினால் போலஸ்தானா?

கேள்வி: மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். 14 மாதக் குழந்தை, சேர்ந்த அன்று எடை 9 கிலோ. இரண்டு நுரையீரலிலும் நிமோனியா, வலப்பக்கம் கூடுதல். வென்டிலேட்டரில் மூன்று நாள் முடிந்துவிட்டது. ஆக்சிஜன் 70 சதவீதம், சராசரி காற்றுப்பாதை அழுத்தம் 16 வைத்தும் சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) 90ஐத் தாண்டவில்லை. பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து குறைந்த அளவில் ஓடுகிறது. நேற்று குப்புறப் படுக்கவைத்தோம். ஐந்தே நிமிடத்தில் பிரஷர் 84/50-லிருந்து 66/34-க்கு இறங்கியது. கிலோவுக்கு 10 மி.லி. போலஸ் (ஒரேயடியாக வேகமாகச் செலுத்தும் திரவம்) கொடுத்து, பயந்துபோய் மறுபடி மல்லாக்கத் திருப்பிவிட்டோம். திரவத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துத்தான் கொடுக்கிறோம். ஆனாலும் முகமும் கண்ணிமையும் வீங்கியிருக்கின்றன. மூன்று நாள் வரவு 3,270 மி.லி., செலவு 1,800 மி.லி. மருந்துச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன். குழந்தையை எப்படிப் படுக்கவைப்பது? போலஸ் கொடுத்தது சரியா? வீக்கம் எங்கிருந்து வருகிறது? அம்மா வேறு "குப்புறப் போட்டா பிள்ளைக்கு மூச்சு முட்டாதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

கடைசியாகக் கேட்ட வீக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரண்டு கேள்விக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கணக்குப்படி வரவுக்கும் செலவுக்கும் வித்தியாசம் 1,470 மி.லி. இதை லிட்டராக்கி, சேர்ந்த அன்றைய எடையால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள்: 1.47 ÷ 9 × 100, சுமார் 16 சதவீதம். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் நீர் இந்தச் சூத்திரத்தில் இல்லை. ஹியூமிடிஃபையர் வழியாக ஈரக் காற்று போகும் குழந்தைக்கு அந்த இழப்பை உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 300 மி.லி. என்று வைத்துக்கொள்ளலாம். 9 கிலோ குழந்தையின் பரப்பு சுமார் 0.43 சதுர மீட்டர். மூன்று நாளில் 390 மி.லி. வரும். அதைக் கழித்தாலும் 12 சதவீதம் உடம்பிலேயே தங்கியிருக்கிறது. 10 சதவீதத்தைத் தாண்டினாலே எச்சரிக்கை மணி என்றுதான் உலகெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் எடுத்துக்கொள்கின்றன. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வெளியான ஓர் அலசலில், திரவச் சுமை 1 சதவீதம் ஏறும்போதெல்லாம் இறப்பின் சாத்தியம் 6 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. அதிகம் நோயுற்ற குழந்தைக்குத்தான் அதிகத் திரவமும் போகிறது, ஆகவே எல்லாப் பழியும் நீருடையது அல்ல. அதற்காக அந்த எண்ணை ஒதுக்கவும் முடியாது.

"மூன்றில் இரண்டு பங்கு" என்ற ஆர்டர் எங்கே ஓட்டையானது? 9 கிலோவுக்கு முழு அளவு கிலோவுக்கு 100 மி.லி. வீதம் நாளொன்றுக்கு 900. மூன்றில் இரண்டு பங்கு 600. மணிக்கு 25 மி.லி. பம்ப்பில் அந்த 25 சரியாகத்தான் ஓடியிருக்கிறது. இனி உங்கள் சீட்டில் மற்றவற்றைப் பாருங்கள். மயக்கத்துக்கான மிடசோலம், வலிக்கான ஃபென்டனில், நார்அட்ரினலின் மூன்றும் மணிக்கு 1 மி.லி. வீதம் 72. தமனிக்குள் வைத்து பிரஷர் அளக்கும் ஆர்ட்டீரியல் லைனின் பிரஷர் பேக் மணிக்கு 3 மி.லி. தள்ளுகிறது, இன்னொரு 72. வான்கோமைசின் 27 மி.லி. நான்கு வேளை, 108. பிப்பரசிலின்–டாசோபாக்டம் 20 மி.லி. மூன்று வேளை, 60. ஒவ்வொரு ஆன்டிபயாடிக்குக்குப் பின்னும் குழாயைக் கழுவும் 5 மி.லி. ஃப்ளஷ், ஏழு தடவை, 35. ஐ.வி. பாராசிட்டமால் 13.5 மி.லி. நான்கு வேளை, 54. கூட்டினால் 401 மி.லி. அந்த 600-உடன் சேர்த்தால் ஆயிரம். குறைத்ததாக நினைத்துக்கொண்டு முழு அளவுக்கும் மேலே கொடுத்திருக்கிறோம். போலஸ்கள் 270 மி.லி. தனி. இது உங்கள் தவறு இல்லை. ஆர்டர் எழுதியவர் "எல்லாம் சேர்த்து" என்ற இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை இந்த உபரியைத் தானாகக் கொட்டிவிடாது. அழுத்தத்தோடு காற்று போவதால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது; உடம்பு அதைத் தண்ணீர்ப் பஞ்சம் என்று எண்ணி, சிறுநீரைத் தடுக்கும் ஏ.டி.எச். ஹார்மோனைச் சுரக்கிறது. நிமோனியாவும் வலியும் அதையே செய்கின்றன. இந்த நிலையில் சோடியம் குறைந்த திரவம் கொடுத்தால் வீக்கத்தோடு ரத்த சோடியமும் இறங்கி வலிப்பு வரை போகலாம். ஐசோலைட்-பி பாட்டில் இன்னமும் பழக்கத்தால் தொங்கும் வார்டுகள் உண்டு. அதில் லிட்டருக்கு சோடியம் 25 மில்லிமோல் அளவுதான், நார்மல் சலைனில் 154. வென்டிலேட்டர் குழந்தைக்கு ஐ.வி. திரவம் தேவையென்றால் டி.என்.எஸ். (நார்மல் சலைனில் குளுக்கோஸ் கலந்தது) போன்ற சமச்செறிவுத் திரவமாக இருக்கட்டும்.

இப்போது நுரையீரலுக்கு வருவோம். வாளியில் ஈரத்துணியை மடித்து அடுக்கினால் மேல்துணியின் பாரத்தில் அடித்துணி நசுங்கிக் கிடக்குமே, மல்லாந்து கிடக்கும் குழந்தையின் நுரையீரல் அப்படித்தான் இருக்கிறது. முன்பக்கம் காற்று போகிறது. முதுகுப்பக்கம் நீரின் பாரம், இதயத்தின் பாரம், உப்பிய வயிற்றின் தள்ளல் மூன்றும் சேர்ந்து காற்றறைகளை மூடிவிடுகின்றன. ரத்தமோ முதுகுப்பக்கமே அதிகம் ஓடுகிறது. குப்புறத் திருப்பினால் முதுகுப்பக்கம் திறக்கிறது, ரத்த ஓட்டம் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது, சாச்சுரேஷன் ஏறுகிறது. ஆனால் உடம்பில் நீர் ஏறிக்கொண்டே போனால் சில மணி நேரத்தில் புதிதாகக் கீழே வந்த முன்பக்கம் நசுங்கத் தொடங்கும். குப்புறப் போடுவது அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்துக்குள் நீரை இறக்கவேண்டும். இரண்டையும் இரண்டு பேர் இரண்டு தாளில் பார்த்தால் வேலைக்கு ஆகாது.

உங்கள் குழந்தைக்குக் குப்புறப் போட நினைத்தது சரிதானா என்றால், சரிதான். சராசரி அழுத்தம் 16-ஐ ஆக்சிஜன் சதவீதம் 70-ஆல் பெருக்கி, சாச்சுரேஷன் 90-ஆல் வகுத்தால் 12.4. இந்தக் குறியீடு 12-க்கு மேல் போனால் நுரையீரல் பாதிப்பு தீவிர வகை. (சாச்சுரேஷன் 97-க்கு மேலிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.) பெரியவர்களில் 2013-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் தினமும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் போட்டபோது 28 நாள் இறப்பு 32.8-லிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. குழந்தைகளில் 2005-இல் அமெரிக்காவில் 102 பேரிடம் நடந்த ஆய்வு பலன் காட்டாமல் பாதியில் நின்றது. ஆனால் அதில் லேசான நோயுள்ள குழந்தைகளும் கலந்திருந்தார்கள், பெரிய தீங்கும் தெரியவில்லை. ஆகவே எல்லாக் குழந்தைக்கும் கட்டாயம் என்று யாரும் சொல்வதில்லை. தீவிர வகையில், திருப்பத் தெரிந்த கைகள் இருந்தால், செய்து பார்க்கலாம். தலைக்குள் அழுத்தம் கூடியிருந்தாலோ, கழுத்தெலும்பு உறுதியாக இல்லாவிட்டாலோ, வயிறு திறந்திருந்தாலோ கூடாது.

நேற்று நடந்ததைப் பார்ப்போம். இந்த வயதில் மேல் பிரஷரின் கீழ் எல்லை 70-உடன் வயதின் இரு மடங்கைக் கூட்டினால் வரும் 72. ஆக 66 குறைவுதான், அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் கை போலஸ் சிரிஞ்சுக்குப் போகுமுன் ஒரு நிமிடம் ஒதுக்கி ஐந்து இடத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும்.

முதலில் எண் உண்மையா என்று பாருங்கள். டிரான்ஸ்டியூசர் (லைனின் அழுத்தத்தை அளக்கும் கருவி) இதயத்தின் மட்டத்தில் இருக்கவேண்டும். 10 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிட்டால் 7 மி.மீ. குறைத்துக் காட்டும், தாழ்ந்து நின்றால் அதே அளவு கூட்டிக் காட்டும். திருப்புவதற்காகக் கட்டிலைத் தாழ்த்தி, கம்பத்தில் கட்டிய டிரான்ஸ்டியூசரை அப்படியே விட்டிருந்தால் பாதி வீழ்ச்சி அங்கேயே போய்விடும். கஃப் (கையில் சுற்றும் பட்டை) என்றால் அந்தக் கை உடம்புக்கடியில் சிக்கியிருக்கிறதா?

அடுத்து நார்அட்ரினலின் லைன். மடங்கியிருக்கிறதா, த்ரீ-வே (மூவழித் திருகு) மூடியிருக்கிறதா? பலர் கவனிக்காத ஒன்று சிரிஞ்சு பம்ப்பின் உயரம். மணிக்கு 1 மி.லி. ஓடும் பம்ப்பைக் குழந்தையின் மட்டத்திலிருந்து கீழே இறக்கினால் சில நிமிடம் மருந்து போகாமலே நிற்கும், சமயத்தில் பின்னோக்கியும் வரும். மேலே ஏற்றினால் ஒரு சிறு போலஸ் உள்ளே போகும். திருப்பும்போது பம்ப்பைத் தரையோரம் வைப்பது வழக்கமாக இருந்தால் அதை நிறுத்துங்கள். சிரிஞ்சு தீரப்போகிறதென்றால் அரை மணி முன்பே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது ட்யூபும் மார்பும். பிரஷரோடு சாச்சுரேஷனும் சரிந்தால் ட்யூப் நகர்ந்ததா, சளி அடைத்ததா, நுரையீரல் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிந்ததா, சர்க்யூட் கழன்றதா என்ற வரிசையில் போங்கள். நான்காவது வயிறு. உங்கள் உள்ளங்கையை வயிற்றுக்கும் மெத்தைக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள், தடையில்லாமல் போகவேண்டும். போகவில்லையென்றால் வயிற்றுப் பெருநாளம் அமுங்கி, இதயத்துக்கு ரத்தம் வராமல் பிரஷர் இறங்கும். இதற்கு மருந்து துண்டுச் சுருளைச் சரியாக வைப்பது, சலைன் அல்ல. ஐந்தாவது, திருப்புவதற்காகக் கொடுத்த மயக்க மருந்து. மிடசோலம் போலஸும் பிரஷரை இறக்கக்கூடும், அந்தத் தாக்கம் தானாகத் தணியும்.

இவை எதுவும் இல்லை, கைகால் சில்லிட்டு, நகத்தை அமுக்கி விட்டால் நிறம் திரும்ப 3 நொடிக்கு மேல் ஆகிறது என்றால் அது உண்மையான ரத்த ஓட்டக் குறை. அப்போது டாக்டரிடம் நார்அட்ரினலினை ஏற்றலாமா என்று கேளுங்கள். திரவம் தேவையென்றால் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி., கொடுத்தபின் ஈரலின் ஓரம் இறங்கியதா, நெஞ்சில் இரைச்சல் கூடியதா என்று தொட்டும் கேட்டும் பார்க்கவேண்டும். நேற்றைய 90 மி.லி. உடல் எடையில் ஒரு சதவீதம். ஒரு நாளைக்கு மூன்று தடவை திருப்பி மூன்று போலஸ் போட்டால் என்னாகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

திருப்பும் முறையில் சில விவரங்கள். 9 கிலோவுக்கு நான்கு பேர் போதும். தலைமாட்டில் ட்யூபைப் பிடிப்பவர்தான் எண் சொல்லவேண்டும், அவர் வேறு எதையும் தொடக்கூடாது. பாலை ஒரு மணி நேரம் முன் நிறுத்தி, மூக்கு வழிக் குழாயை உறிஞ்சிவிடுங்கள். சக்‌ஷன் முடித்து, நனைந்த பிளாஸ்திரியை மாற்றுங்கள். குப்புறக் கிடந்து எச்சில் வடியும்போது பழைய பிளாஸ்திரி நிச்சயம் கழலும். உதட்டருகே ட்யூபின் சென்டிமீட்டர் எண்ணை உரக்கச் சொல்லி எழுதுங்கள்: 4.0 அளவு ட்யூப் என்றால் பொதுவாக 12. கண்ணில் களிம்பிட்டு இமையை மூடி ஒட்டுங்கள். ஆக்சிஜனை 100 ஆக்குங்கள். குழந்தையை வென்டிலேட்டருக்கு எதிர்ப்பக்க ஓரத்துக்கு நகர்த்தி, வென்டிலேட்டர் பக்கமாக ஒருக்களித்து நிறுத்தி, ஈ.சி.ஜி. ஸ்டிக்கர்களை முதுகுக்கு மாற்றி, அப்புறம் குப்புற விடுங்கள். தோளுக்குத் தோள் மேல்மார்பின் கீழ் ஒரு சுருள், இடுப்பெலும்பின் கீழ் ஒரு சுருள். நடுவில் வயிறு தொங்கவேண்டும்.

தலையைத் திருப்பும்போது ஒரு விதியை நினைவில் வையுங்கள்: மூக்கு போகும் பக்கமே ட்யூபின் நுனியும் போகும். தாடை நெஞ்சை நோக்கிக் குனிந்தால் ட்யூப் உள்ளே இறங்கும். தலை நிமிர்ந்தால் வெளியே ஏறும். இந்த வயதில் மூச்சுக்குழாய் சில சென்டிமீட்டர் நீளம்தான். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே வலப்பக்கக் கிளைக்குள் போய்விடலாம், இல்லை கழன்றும் வரலாம். இரண்டு மணிக்கொரு தடவை இருவராகத் தலையை மறுபக்கம் திருப்பி, அப்போதே கன்னம், காது, நெற்றி, முழங்கால், கால்விரல் நுனி பாருங்கள். வீங்கிய தோல் சீக்கிரம் புண்ணாகும். மல்லாக்கப் படுக்கும் குழந்தைக்குப் பின்மண்டைதான் முதலில் புண்ணாகும் இடம். பலன் தெரிய ஒன்று முதல் நான்கு மணி நேரம் ஆகலாம். நேற்று ஐந்து நிமிடத்தில் திருப்பியதால் குப்புறப் போட்டது உதவுமா என்பதே நமக்குத் தெரியாமல் போய்விட்டது. தாங்கினால் 16 மணி நேரம் தொடர்ந்து வையுங்கள். பாலை மெதுவாகத் தொடரலாம், தலைமாடு 10 முதல் 15 டிகிரி உயர்ந்திருக்கட்டும்.

ஒருக்களிக்கும்போது எந்த நுரையீரல் கீழே? பெரியவர்களுக்கு நல்ல நுரையீரல் கீழே என்று படித்திருப்பீர்கள். கைக்குழந்தைகளில் இது தலைகீழாகும். நெஞ்சுக்கூடு இளகலாக இருப்பதால் கீழ்ப்பக்கம் எளிதில் மூடிக்கொள்கிறது, காற்று மேல்பக்கத்துக்கே அதிகம் போகிறது. 1983-லேயே இது அளந்து காட்டப்பட்டது. 14 மாதம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வயது. ஒவ்வொரு பக்கமும் இருபது நிமிடம் வைத்து சாச்சுரேஷனை எழுதிவையுங்கள். குழந்தையே பதில் சொல்லிவிடும்.

மல்லாக்க இருக்கும் நேரங்களில் தலைமாடு 30 டிகிரி. கண்ணால் பார்த்துச் சொல்லும் 30 பெரும்பாலும் 20-தான். கட்டில் மடியும் இடத்திலிருந்து தலைமாடு வரை 60 சென்டிமீட்டர் என்றால், தலைமாட்டு ஓரம் 30 சென்டிமீட்டர் உயரவேண்டும். நீளத்தில் பாதி உயரம், அதுதான் 30 டிகிரி. குழந்தை சறுக்கி இடுப்பில் மடிந்துவிட்டால் வயிறு மேலேறி உதரவிதானத்தைத் தள்ளும். முழங்காலுக்கடியில் ஒரு சுருள் வையுங்கள்.

இனி நீரை இறக்குவது. எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 630 மி.லி., அதாவது முழு அளவில் 70 சதவீதம், என்று ஆர்டரை மாற்றி எழுதச் சொல்லுங்கள். மருந்துகளே 400 தின்றால் பாலுக்கு 230-தான் மிஞ்சும், குழந்தை பட்டினி. அதனால் முதலில் மருந்தின் நீரைச் சுருக்கவேண்டும். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்த நாளத்தில் போட்ட குழாய்) இருந்தால் வான்கோமைசினை மி.லி.-க்கு 10 மி.கி. செறிவில் கலக்கலாம்: 108 பாதியாகி 54. பாராசிட்டமாலை 5 மி.லி.-க்கு 250 மி.கி. சிரப்பாக மூக்குக் குழாயில் கொடுத்தால் 54 மி.லி. 11 ஆகும். ஆர்ட்டீரியல் லைனை சிரிஞ்சு பம்ப்பில் மணிக்கு 1 மி.லி. வைத்தால் 24. ஃப்ளஷ் 5-க்கு பதில் 2 மி.லி., 14. மூன்று இன்ஃபியூஷனையும் இரு மடங்குச் செறிவாக்கி மணிக்கு அரை மி.லி. ஓட்டினால் 36, நார்அட்ரினலினை அதற்கும் கீழே இறக்காதீர்கள், சிரிஞ்சு மாற்றும்போது பிரஷர் ஊஞ்சலாடும். பிப்பரசிலின் 60 அப்படியே. மொத்தம் 199. மீதி 430 மி.லி. பாலுக்கு, மணிக்கு 18. பால் ஓடத் தொடங்கியதும் பராமரிப்பு ஐ.வி.-யை நிறுத்திவிடவேண்டும், இரண்டும் சேர்ந்து ஓடுவதுதான் இரவு ஷிஃப்டில் வழக்கமாக நேரும் பிழை.

சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் எப்போது என்பது டாக்டரின் முடிவு. பிரஷர் நிலைத்து, நார்அட்ரினலின் இறங்குமுகமாகி, ரத்த லாக்டேட் (ரத்த ஓட்டம் போதாதபோது ஏறுவது) சரியானபின் யோசிப்பார்கள். பெரியவர்களில் 2006-இல் 1,000 பேரிடம் நடந்த ஆய்வில் ஷாக்கிலிருந்து மீண்டு 12 மணி நேரம் கழித்தே நீரை இறக்கினார்கள். வென்டிலேட்டர் இல்லாத நாட்கள் கூடின, சிறுநீரகம் கெடவில்லை. கிலோவுக்கு 1 மி.கி., இங்கே 9 மி.கி., அல்லது மணிக்கு கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மி.கி. தொடர் ஓட்டம். முதல் நாள் வரவும் செலவும் சமமானாலே போதும், பிறகு நாளுக்குக் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி. இறங்கட்டும். பொட்டாசியத்தை 6 முதல் 8 மணிக்கொரு தடவை பாருங்கள். இதயத் துடிப்பு ஏறி, யூரியா கூடி, கைகால் சில்லிட்டால் அதிகம் இறக்கிவிட்டோம். டயப்பரை உலர்ந்த எடை கழித்து நிறுங்கள், ஒரு கிராம் ஒரு மி.லி. கட்டிலோடு எடை பார்க்கும் வசதி இல்லையென்றால் இந்தக் குழந்தையைத் தூக்கி எடை பார்க்கவேண்டாம்; ட்யூப் போய்விடும்.

மழைக்காலம் என்பதால் ஒன்று. இதே வீக்கம் டெங்குக் குழந்தைக்கு, ரத்த நாளம் கசியும் அந்த 24–48 மணி நேரத்தில் வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது ரத்தக் குழாய்க்குள் நீர் போதவில்லை. லாசிக்ஸ் ஆபத்து, ஹிமடோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்த்தே திரவம். கசிவு நின்று, வெளியே போன நீர் உள்ளே திரும்பும் கட்டத்தில்தான் நுரையீரல் நிரம்பும். நீரைக் குறைக்கும் நேரம் அது.

அந்த அம்மாவிடம், ட்யூப் வழியாகத்தான் மூச்சு போகிறது, மூக்கும் வாயும் மெத்தையில் அழுந்தினாலும் காற்று நிற்காது என்று சொல்லுங்கள். ட்யூபைக் கையால் காட்டியே சொல்லலாம். குப்புறக் கிடந்து எழும்போது முகம் இன்னும் வீங்கித் தெரியும், நாக்கு தடித்திருக்கும், ஒரு நாளில் வடியும் என்பதைத் திருப்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பார்த்தபின் சொன்னால் சமாதானம் போலத்தான் கேட்கும். டிஸ்சார்ஜ் அன்று மறக்காமல் இன்னொன்றும்: இங்கே குப்புறப் போட்டது மானிட்டரும் ஆளும் பக்கத்தில் இருந்ததால்தான், வீட்டில் பிள்ளையை மல்லாக்கவே தூங்கவைக்கவேண்டும்.